வெயிலில் காய்ந்த இசைத்தட்டு

என் அக்காவுக்கு, என்னோடு பாட்டுக் கேட்ட ஒரே ஆளுக்கு,

டெய்சி மறுபடியும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். அதே இசைத்தட்டு. இந்தத் தடவை மெழுகுத் துணியில் சுற்றி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டியிருந்தாள். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். ஓரம் நேராக இருக்கிறது, ஒரு நெளிவு இல்லை. வந்து எட்டு நாளாகிறது. ஊசியை வைக்கக் கை வரவில்லை.

முதல் பார்சல் வந்த நாள் உனக்கு மறந்திருக்குமா? உன் ஆபீசில் பக்கத்து டைப்ரைட்டரில் இருந்தவள், கல்யாணமாகி லண்டனுக்குக் கப்பலேறும்போது தன் ரிகார்ட் பிளேயரை உன்னிடம் விட்டுப் போனாள். அதில் போட்டுக் கேட்கச் சொல்லி, அங்கே எல்லோரும் பைத்தியமாக இருக்கும் நாலு பையன்களின் ராக் ஆல்பத்தை அனுப்பினாள். ஜூலை மழையில் அது மாதுங்கா வந்து சேர்ந்தபோது உறையெல்லாம் ஊறியிருந்தது. நீ ஆபீசில், நான் காலேஜில். அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது. அம்மா மொட்டை மாடியில் தலையணை, அப்பளம், துவரம்பருப்பு எல்லாம் காயப் போட்டிருந்தாள். கூடவே இதையும் தகர மூடிமேல் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நாம் போய்ப் பார்த்தபோது அதன் ஓரம் பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது.

"ஈரமா வந்துதேன்னு காய வெச்சேன்டி. அது தப்பா?" என்று அம்மா கேட்டாள். நீ சிரிக்கத் தொடங்கினாய். எனக்கு அழுகை வந்தது.

இரண்டாம் பக்கத்து ஓரப் பாட்டு, ஊசிக்கு மேல் நாலணாக் காசை வைத்தால், தட்டுத் தடுமாறிப் பாடிவிடும். முதல் பக்கத்து முதல் பாட்டு மட்டும் எதற்கும் மசியவில்லை. வைத்த ஊசி துள்ளிக் கீழே விழும். டெய்சியிடம் இதை எப்படிச் சொல்வது? ரொம்ப நன்றாயிருக்கிறது, முக்கியமாக அந்த முதல் பாட்டு, என்று நீ எழுதிப் போட்டாய். தனக்கும் அதுதான் உயிர் என்று அவள் பதில் எழுதினாள். அப்புறம் நாம் எந்த முகத்தோடு இன்னொன்று கேட்பது?

ஆனால் மீதிப் பாட்டுகள் நமக்குப் போதுமாக இருந்தன. இரண்டாம் பாட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது போலக் கரகரவென்று ஒரு கிடார் வரும். அதற்கே உனக்கு மயிர்க்கூச்செறியும், கையை நீட்டிக் காட்டுவாய். நாலாம் பாட்டில் டிரம் அடிப்பவன் ஒரு இமை நேரம் பிந்தி வருவான். அவன் வருவதற்குள் நாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், ஒவ்வொரு தடவையும். கடைசிப் பாட்டின் முடிவில் ஒவ்வொருவராக வாத்தியத்தை நிறுத்திவிட்டுப் போக, பாடுகிறவன் தனியாக, குரல் உடைந்து, பாடி முடிப்பான். பாவம், யாராவது அவனோடு இருந்திருக்கலாம் என்பாய். அந்த வார்த்தையை இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

"வாசல் இல்லாம வீட்டுக்குள்ள எப்படிடி போறது? நானே ஒண்ணு கட்டறேன்" என்றாய் ஒருநாள். உறையில் அச்சடித்திருந்த தலைப்பைத் தவிர அந்த முதல் பாட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தலைப்பை நாலு தடவை பாடினாய். மேலே சொல் கிடைக்காமல், தினமும் ஆபீசுக்குப் போகிற ரயிலின் ஸ்டேஷன் பெயர்களையே பிடித்துக்கொண்டாய். தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுல்லா. வர்ணம் வரை கற்ற பாட்டு உன்னை விடவில்லை. ராக் பாடும்போதும் கமகம் வந்து விழும். நான் பிஸ்கட் டின்னில் தாளம் போடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நீ பாடாமல் நாம் ஒரு தடவைகூட இரண்டாம் பாட்டில் ஊசியை வைத்ததில்லை.

"நாய் ஊளையிடறாப்ல இருக்கு. அக்கம்பக்கத்துல என்ன நினைப்பா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்துவாள்.

மஞ்சள் காமாலை உன்னை மூன்றே வாரத்தில் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் சொன்னது, "டெய்சிகிட்ட நிஜத்தைச் சொல்லி இன்னொண்ணு கேளுடி. சேர்ந்து கேப்போம்." நீ போன பிறகுதான் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், அப்பளத்தைக்கூட.

இப்போது எனக்கும் உன் ஆபீஸ் இருந்த கோட்டைப் பக்கம் வேலை. நீ போன அதே வண்டி, அதே பெண்கள் பெட்டி. தாதர் வந்ததும் மனசுக்குள் உன் பாட்டைத் தொடங்குவேன். போன வாரம் பரேல் தாண்டியதும் மெட்டு நின்றுவிட்டது. கரி ரோடு மேலே போகுமா, கீழே இறங்குமா? எவ்வளவு தேடியும் வரவில்லை. பெட்டி நிறையப் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். யாரைக் கேட்பேன்? பைகுல்லா போய்விட்டது, நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதனால்தான் பயம், அக்கா. நிஜப் பாட்டு எப்படியும் உன்னுடையதைவிடப் பலமாக இருக்கும். ஒரு தடவை காதில் விழுந்தால், என்னிடம் மிச்சமிருப்பதையும் அழித்துவிடும். உன் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மா கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். புதுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"போடேன்டி. நான்தானே பாழாக்கினேன். நானும் கேக்கறேன்" என்றாள்.

"போட்டா அவ பாட்டு மறந்துடும்மா. இப்பவே பரேலுக்கு அப்புறம் வரலை."

அம்மா இரண்டு காய் ஆய்ந்தாள். பிறகு தலையைத் தூக்காமல், மெல்லப் பாடினாள். கரி ரோடு இறங்குகிறது, அக்கா. சிஞ்ச்போக்லியில் நீ இழுப்பாயே, அதே இழுப்பு, அதே கமகம். பைகுல்லா வரை ஒரு இடம் தப்பாமல் பாடிவிட்டு, காம்புகளை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

புதுத் தட்டை மெழுகுத் துணியில் சுற்றி உன் பெட்டியில் வைத்துவிட்டேன். சேர்ந்து கேட்போம் என்றாய், தனியாகக் கேட்க மாட்டேன். பிளேயரில் நம் நெளிந்த தட்டுத்தான் இருக்கும். இனி ஞாயிறுதோறும் அம்மாவும் நானும் பைகுல்லா வரை பாடிவிட்டுத்தான் ஊசியை வைப்போம், இரண்டாம் பாட்டில்.

பிஸ்கட் டின்னோடு,
உன் தங்கை கோமு