பத்தடிக்கு உன் முகம்

மாமு, என் கையில் இருப்பது உன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஏதோ வேலைக்கு மனுப் போட்டபோது எடுத்தது. நெற்றியில் ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டை. வீட்டைக் குடைந்தும் இது ஒன்றுதான் கிடைத்தது என்று உன் வீட்டுக்காரி கொடுத்தது. "காரியத்துக்குப் பேனர் வெக்கணும்ணா. அவரு மூஞ்சி நல்லா பெருசா தெரியணும்" என்றது.

பேனர் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். "இத்த பத்தடிக்கு இழுத்தா மூஞ்சி உடஞ்சிடும் அண்ணாத்த. ரோஜாப்பூ போட்டு, கீழ பேரு போட்டுக்கலாம்."

ரோஜாப்பூவா? உனக்கா? ராயபுரத்துக் கருவாட்டு வாசத்தில் பிறந்து லாரி டீசல் புகையில் வளர்ந்தவனுக்கா?

ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே அவமானப்பட்டுப் படித்திருக்கிறேன்.

திருவொற்றியூரில் நாம் ஸ்டிக்கர் கடை போட்ட முதல் மாதம். டிரெய்லர்காரர் ஒருவர் லாரிக் கதவுக்கு நங்கூர ஸ்டிக்கர் கேட்டார். பத்தாவதை இரண்டு தவணையில் முடித்த மேதை நான், போட்டோ சாப்ட்வேரில் மூன்று நாள் உட்கார்ந்து, நிழல், பளபளப்பு, தண்ணீர்த்துளி எல்லாம் வைத்து ஒன்று செய்தேன். திரையில் பார்க்க அழகோ அழகு. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்குக் கொடுத்தால் கத்தி ஓரமெல்லாம் படிபடியாக வெட்டித் தள்ளியது.

"மாமு, இது நங்கூரமா, மாடிப்படியா?" என்றாய். டிரெய்லர்காரர் எதிரிலேயே.

பிறகு நீ உட்கார்ந்து, வேறொரு சாப்ட்வேரைத் திறந்து பதினொரு புள்ளி வைத்தாய், கோட்டை வளைத்தாய், முடிந்தது. "போட்டோ சாப்ட்வேரு கட்டங்கட்டமா கலர வெச்சுக்கினு கீது. பெருசாக்குனா கட்டந்தான் பெருசாவும். கல்யாண ஆல்பத்துக்கு அது சரி. நோட்டீஸ்ல எழுத்து அடுக்க வேற ஒண்ணு கீது. நம்ம வெக்டாரு, புள்ளி எங்க, கோடு எங்க வளையுது, அத்த மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். கார்டுல போட்டாலும் அதே, கப்பல்ல போட்டாலும் அதே."

ஆகவே பேனர் கடையிலிருந்து திரும்பி வந்து, உன் போட்டோவை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, மேலே புள்ளி வைக்க ஆரம்பித்தேன். பந்து பட்டு வளைந்த உன் மூக்குக்கு மட்டும் மூன்று. நெற்றியில் ஸ்டேப்ளர் பின் ஓட்டை வரவில்லை. அங்கே நான் புள்ளி வைக்கவில்லை.

"போட்டோ மாதிரி இல்லியே" என்றார் கடைக்காரர்.

"இல்லதான். உடையாது. பிரிண்ட் அடி."

இப்போது நம் கடை இருக்கிற முனையில் பத்தடிக்கு நிற்கிறாய். துறைமுகத்துக்குப் போகிற லாரியெல்லாம் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. உன் வீட்டுக்காரி வந்து பார்த்து, எட்டி உன் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. என் மகள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நைனா, மாமா மாதிரியே கீறாரு. காதுதான் பூரி மாதிரி கீது."

பேனர் வெயிலில் வெளுக்கட்டும், காற்றில் கிழியட்டும். அதே முகத்தைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி என் ஸ்கூட்டர் முன்னால் ஒட்டியிருக்கிறேன். ஓரம் அப்படியே கத்தி மாதிரி நிற்கிறது. காதும் பூரியாகவே நிற்கிறது. ஒரு புள்ளியை உள்ளே இழுத்தால் சரியாகிவிடும். இழுக்க மாட்டேன். என் வேலையில் எதையும் நீ திருத்தாமல் விட்டதில்லை. வேண்டுமானால் வந்து நீயே திருத்து.