அம்மா விட்ட காப்பியும் இரண்டு அரைவை மிஷின்களும்

செல்ல அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துவிடு. நீ படித்ததெல்லாம் பஸ் போர்டும் சினிமா போஸ்டரும்தான். உனக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன். போட்டோ முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் முணுமுணுத்தால் அடுப்படியில் அம்மாவுக்குக் கேட்கும். இது அவளுக்குக் கேட்கக் கூடாத விஷயம்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது அப்பா. காப்பிக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனிக்காக, அவற்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்து, எது எப்படி என்று தமிழில் எழுத வேண்டும். இன்டர்வியூவில் நான் வாயைத் திறந்ததே அபூர்வம். "எழுத்து நல்லா இருக்கு, பேச்சு எங்களுக்கு வேணாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். காப்பி குடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நீ நம்புவாயா?

ஆனால் அம்மா குடிப்பதில்லை. உன் கருமாதி அன்று, உனக்குப் பிடித்ததில் ஆளுக்கொன்றை விட்டுவிடச் சொன்னார்கள். அத்தை சமர்த்தாகப் பாகற்காய் என்றார். அவர் என்றைக்குப் பாகற்காய் தின்றார்? அம்மா யோசிக்காமல் காப்பி என்றுவிட்டாள். அன்றிலிருந்து விடிந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் குடிக்கிறாள். எனக்கு மட்டும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்க்கிறாள். எப்படி விழுங்குவது? நான் இந்த வேலையில் சேர்ந்ததே, வீடு முழுக்கக் காப்பி வாசனை அடித்தால் ஒருநாள் அவள் தோற்றுவிடுவாள் என்றுதான்.

இப்போது வந்திருப்பவை இரண்டு மிஷின்கள். பெரிய கடைகளில் எஸ்பிரெஸோ என்கிற கெட்டிக் காப்பிக்குக் கொட்டை அரைப்பார்களே, அதே மாதிரி செய்து வீட்டுக்கென்று விற்கிறார்கள். ஒன்றில் அரைக்கும் பற்கள் எஃகு, மற்றதில் பீங்கான். எது நல்லது என்று நடுநிலையாக எழுத வேண்டுமாம். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில், அதுவும் பீங்கான் பாக்டரியில் வேலை பார்த்த உன் வீட்டில், நடுநிலைக்கு எங்கே போவேன்?

"நம்மூரு சரக்காத்தான் இருக்கும்டி" என்று அம்மா பீங்கான் மிஷினைத் தூக்கி அடியைப் பார்த்தாள். எல்லாம் உன் பழக்கம். எந்தக் கப்பைக் கண்டாலும் கவிழ்த்து, அடியில் யார் முத்திரை என்று பார்ப்பாய். சித்தி நிச்சயதார்த்தத்தில் காப்பியோடு கவிழ்த்து, சம்பந்தியின் வேட்டியை நனைத்தாயே! அம்மா கவிழ்த்தபோது மிஷினில் மூடி இல்லை. கம்பெனி அனுப்பிய கொட்டை முழுக்கக் கூடத்தில் உருண்டது. பீரோவுக்கு அடியிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

எஃகு மிஷினைப் போட்டால் டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டும். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு ரெஜினா அக்கா வந்துவிட்டார். கையில் தூக்கு, அதற்குள் வறுத்த மல்லி.

"மிஷினு போட்டுருக்கீங்களாமே? மில்லுல கூட்டம் அள்ளுது. இத ஒரு ஓட்டு ஓட்டிக் குடுடி தங்கம்."

"இல்லக்கா, இது வந்து..." என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

"டிகிரி படிச்ச புள்ள, வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாக்கும்" என்றார் ரெஜினா அக்கா.

"அவ என்னாத்த சொல்லப் போறா, நீ கொட்டு ரெஜினா" என்று அம்மாவே மூடியைத் திறந்துவிட்டாள்.

இந்த மிஷினின் குணத்தை உனக்குச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஓடும் கடைக்கென்று யோசித்த அமைப்பு இது. தூள் விழுகிற வழியில் கொஞ்சம் எப்போதும் தங்கிவிடும். கடையில் அடுத்தடுத்து அரைப்பதால் தெரியாது. வீட்டிலோ, காலையில் தங்கிய தூள்தான் சாயங்காலக் காப்பியில் முதலில் விழும். நம் வீட்டில் தங்கியது மல்லி. கழற்றித் துடைத்தும் போகவில்லை. அடுத்து இறக்கிய எஸ்பிரெஸோ ரசம் போல மணந்தது.

பீங்கான் மிஷினில் அவ்வளவு தங்குவதில்லை, சத்தமும் குறைவு. ஆனால் அரைத்து முடிப்பதற்குள் ரெஜினா அக்கா ஒரு சீரியலின் முழுக்கதையையும் சொல்லிவிடுவார். ருசியில், உண்மையைச் சொன்னால், எஃகுதான் ஒரு படி மேல். இதை நம் தெருவில் சொல்ல முடியுமா?

அந்த ரசக் காப்பியைக் கொட்டப் போனபோது அம்மா கப்பை வாங்கி மோந்து பார்த்தாள்.

"இது காப்பியே இல்லடி. சுக்கு மல்லித் தண்ணியாட்டம் இருக்குது."

நான் விடவில்லை. "ஆமாம்மா, காப்பியே இல்ல. குடி."

"நான் சாட்சி. அது எங்க வூட்டு மல்லி" என்றார் ரெஜினா அக்கா.

கப் உதடு வரை போனது அப்பா. பிறகு அவள் உன் போட்டோவைப் பார்த்தாள். கப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"விட்டது விட்டதுதான். அந்த மனுசனே வந்து குடின்னு சொல்லட்டும், குடிக்கிறேன்."

"அவரு எங்கக்கா வரப்போறாரு?" என்றார் ரெஜினா அக்கா.

"வராரே, கனவுல. வந்து, என் பனியன் எங்கடின்னு கேட்டுட்டுப் போயிடுறாரு."

ரெஜினா அக்கா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் கப்பைக் கழுவப் போய்விட்டேன்.

கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: ஆள் வந்துபோகிற பெரிய வீட்டுக்கு எஃகு, இரண்டு பேர் குடிக்கிற வீட்டுக்குப் பீங்கான். பீங்கான் மிஷினை மட்டும் திருப்பி அனுப்பாமல் நானே வாங்கிக்கொள்ளப் போகிறேன். ரெஜினா அக்கா மிளகாயோடு வந்தால் "முடியாதுக்கா" என்று வாய்விட்டே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பனியன்களெல்லாம் பீரோ மேல்தட்டில் மடித்தபடி இருக்கின்றன, அதற்காக அவளை எழுப்பாதே. அடுத்த தடவை கனவில் வரும்போது, "காப்பியக் குடிடி" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போ அப்பா.

இப்படிக்கு,
இந்த வீட்டில் தனியாகக் காப்பி குடிக்கும் உன் மகள்