கூட்டிக் கேட்கத் தெரியாத தங்கச்சிக்கு

என் புனிதா பாப்பாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கண்ணீர்க் கவிதை போடலாம் என்றார்கள். ஒரே கவிதையில் பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் போடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? "கவிதை வேணாங்க, அந்த இடத்தை எனக்குக் குடுங்க, அவகிட்ட கடை விஷயம் பேச வேண்டியிருக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல செய்தி. நீ எழுதிய செயலி ஓடுகிறது. தேயிலைத் தோட்டத்துக் கடைக்காரர்கள் கோதுமை மா, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் போனிலேயே அதில்தான் கேட்கிறார்கள். எந்த லொறி எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று அது பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு நீ வைத்த இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லாரும் அதைத் "தங்கச்சி" என்றே சொல்கிறார்கள். "தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன் மொதலாளி, சரக்கு நாளைக்கு வந்துரும்ல?" என்று கேட்கும்போது சில நாள் கடைச் சுவரில் இருக்கிற உன் படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

நீ இருந்தவரைக்கும் அது நம் பதுளை மொத்தக் கடையில், மேசைக்குக் கீழே இருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் குடியிருந்தது. பதுளையில் கரண்ட் போனால் நமுனுகுலக்காரனும் சரக்குக் கேட்க முடியாது. "மூணு எடத்துல மூணு மெஷின் வைப்போம் அண்ணே, மூணையும் ஒண்ணாக் கட்டிருவோம்" என்று எத்தனை தடவை சொன்னாய்! ஒருநாள் வந்து, "எல்லாத்தையும் கன்டெய்னர்ல போட்டுட்டேன்" என்றாய். எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, தீர்வை யார் கட்டுவது என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடுப்பு, சட்டி, மா, உப்பு எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்சுக் கட்டுன மாதிரின்னு வச்சுக்கங்க. எந்த வீட்ல எறக்கினாலும் அங்கனயே ரொட்டி சுடலாம்."

"சரி, எந்தப் பெட்டிய எந்த வீட்ல எறக்குறதுன்னு யாரு சொல்றது?"

"பெரட்டுதான்."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனுக்குப் பெரட்டை விளக்க வேண்டுமா? காலையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். வந்திருக்கிற ஆட்களைப் பார்த்து இன்னாருக்கு இன்ன மலை என்று கங்காணி வேலையைப் பிரித்துவிடுவார். ஒருத்தர் வரவில்லை என்றால் அவர் வேலை இன்னொருத்தருக்குப் போகும். "இந்தக் கங்காணிக்குத் தூக்கமே கெடயாது அண்ணே, அதான் வித்தியாசம்" என்றாய்.

நீ போன பிறகு அதைச் செய்தேன். உன்னோடு படித்த ஜெனிட்டா, இங்கே பதுளையில்தான் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள், அவள்தான் கூட நின்றாள். ஒரு மெஷின் கடையில், ஒன்று ஹல்துமுல்லை ஸ்டோரில், ஒன்று நமுனுகுலயில் சித்தப்பா வீட்டில். நீ எழுதி வைத்துவிட்டுப்போன ஃபைலை அப்படியே போடச் சொன்னாள். நான் அப்படியே போடுகிற ஆளா?

உன் செயலியின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு மெமரி வேண்டும் என்று நீ எண் போட்டு வைத்திருந்தாய். எனக்கு அது ரொம்பக் குறைவாகப் பட்டது. பெரட்டில் கேட்கிறபோது இப்படியா கேட்பார்கள்? கூரைக்குத் தகரம் நாலு தேவை என்றால் அப்பா தோட்டத்து ஆபீசில் பத்து என்றுதான் கேட்பார். பத்து கேட்டால்தான் நாலு வரும். நாலு கேட்டால் ஒன்று வரும், மழை மிச்ச இடத்தில் இறங்கும். இன்றைக்கு வரைக்கும் என் வியாபாரமும் அப்படித்தான். ஜெனிட்டாவிடம் சொல்லாமல் எல்லா எண்ணையும் மூன்று மடங்காக்கிவிட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு காலையில் பதுளையில் கரண்ட் போனது, பேட்டரியும் கைவிட்டது. அதற்குத்தானே மூன்று மெஷின் என்று நான் தெம்பாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் கடை வைத்திருக்கிற லெட்சுமி அக்கா போன் எடுத்தார்.

"மொதலாளி, தங்கச்சி பேச மாட்டேங்குதே. என்னாச்சு?"

டீயை வைத்துவிட்டு என் போனில் தட்டிப் பார்த்தேன், பாப்பா.

மற்ற இரண்டு மெஷினும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஓர்டர் எடுக்கிற பகுதி மட்டும் எங்கேயும் ஏறாமல், காத்திருக்கிறது, காத்திருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே கொழும்பிலிருந்து ஒரு கம்பனிக்காரர் மூக்கில் வியர்த்தமாதிரி வந்து நின்றார். "ஒருத்தர் தனியா எழுதினது. அவங்களும் இப்ப இல்ல. இத மூடிட்டு எங்களோடத எடுங்க" என்றார். வியாபாரியாக யோசித்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. மழை வரப்போகிறது. மழை என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு மீரியபெத்த மண்சரிவு ஞாபகம் வராமல் இருக்காது. பாதை மூடுவதற்கு முன்னால் தோட்டத்துக் கடைகளில் மா இறங்கியிருக்க வேண்டும். "மழைக்கு முன்னாடி ஒருதடவ சரிபண்ணிப் பாக்குறேன். சரிவராட்டி உங்களுக்குக் கையெழுத்துப் போடுறேன்" என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு உன் படத்தின் பக்கம் திரும்பவில்லை.

ஜெனிட்டா வந்து உன் ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, யாரு இந்த எண்ணெல்லாம் மாத்துனது?"

"நாந்தான். கொறைப்பான்னு கூட்டிப் போட்டேன்."

"யாரு கொறைப்பா?"

"அதான், உங்க கங்காணி."

தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது உங்ககூடப் பேரம் பேசாதுண்ணே! நீங்க சொன்னத அப்படியே நம்பும். பஸ்ல ஒரு ஆளு மூணு சீட்ல துண்டு போட்டு வச்சா எப்படி? இந்த ரெண்டு மெஷின்லயும் பாதிக்கு மேல சும்மா கெடக்கு. ஆனா உங்க துண்டு கெடக்குறதால வர்ற ஆள ஏத்த மாட்டேங்குது. சரி, உண்மையா எவ்வளவு வேணும்?"

"உண்மைய எவன் மொதப் பேச்சுலயே சொல்லுவான்?"

"புனிதா சொல்லியிருக்காளே" என்றாள்.

அப்போது எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வலி பத்துக்கு எவ்வளவு என்று நர்ஸ் கேட்டார். நீ நாலு என்றாய். எட்டு என்று சொல்லு, அப்போதுதான் உடனே பார்ப்பார்கள் என்று நான் உன் காதில் சொன்னேன். "நாலுதான் இருக்கு அண்ணே. எட்டு இருக்குறவங்க அடுத்த கட்டில்ல இருக்காங்க" என்று நீ கண்ணை மூடிக்கொண்டாய். அது உண்மையிலேயே நாலுதானா, பாப்பா?

உன் எண்களைத் திரும்பப் போட்டோம். சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆட்கள் நிற்கும்போதே, பதுளை மெஷினின் வயரை நானே பிடுங்கினேன். லெட்சுமி அக்காவை ஓர்டர் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஜெனிட்டாவின் மடிக்கணினியில் ஒன்றும் அசையவில்லை.

"என்ன புள்ள, செத்துப்போச்சா?"

"பொறுங்கண்ணே. ஆள் பிந்தி வருவான்னு கங்காணியும் கொஞ்ச நேரம் பாப்பாரில்ல?"

பார்த்தது. கல்லு மாதிரி இருந்து பார்த்தது. நான் கம்பனிக்காரரின் பேனாவை எல்லாம் நினைத்துவிட்டேன். பிறகு ஒரு வரி மாறியது, அடுத்த வரி மாறியது. உன் பெட்டி நமுனுகுலயில் இறங்கி, அங்கேயே அடுப்பை மூட்டிவிட்டது. உடனே போன் அடித்தது.

"தங்கச்சி வந்துருச்சு மொதலாளி! மா ஆறு மூட்டை சொல்லியிருக்கேன்."

"ஆறா? உங்க கடைக்கு ஆறு எதுக்குக்கா?"

"வேண்டியது நாலுதாங்க. நீங்க எப்படியும் கொறச்சுத்தானே அனுப்புவீங்க!"

ஜெனிட்டா சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ இடித்தது. நான் அந்தத் தோட்டத்து ஆபீசுக்காரன் பக்கத்துக்கு எப்போது போனேன் பாப்பா? "நாலுன்னே போடுங்கக்கா. நாலும் வரும்" என்றேன். வந்தது. மழைக்கு முன்னால் எல்லாக் கடைக்கும் மா இறங்கிவிட்டது. கம்பனிக்காரர் அனுப்பிய தாளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனி உனக்கு என் வாக்கு. மாதத்தில் ஒரு நாள், பட்டப்பகலில், ஏதாவது ஒரு மெஷினின் வயரை நானே பிடுங்கிப் பார்ப்பேன். கரண்ட் முந்துவதற்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன். உன் எண்ணில் கை வைக்க மாட்டேன். தோட்டத்துக் கடைக்காரர் நாலு கேட்டால் நாலு கொடுப்பேன். இந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற யாரும், இல்லாத வலியைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், இருக்கிற வலியைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

கேட்டதைக் குறைக்காத கடைக்காரனாகப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் அண்ணன்
ராஜமாணிக்கம், பதுளை