முந்திரிக்கு இடமில்லாத பக்கம்

ஜூன் 3, 2003. உடையார்பாளையம்.
வெயில் கொளுத்துகிறது. முந்திரி உடைக்கும் கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. ஜெயங்கொண்டம் நெட் சென்டரில் நம் வெப்சைட்டை ஏற்றிவிட்டு வந்தேன். ஒரே பக்கம். பருப்புப் படம், ரகம், விலை, போன் நம்பர். அவ்வளவுதான். ஹாலந்து வியாபாரி அடுத்த வாரம் பார்ப்பானாம். அந்த ஆர்டர் வந்தால் இவர் துபாய் போக வேண்டாம். தாயே, கண் திறந்து பார்.

ஜூன் 5
இவருடைய அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். முகம் சுண்டிவிட்டது.
"என்னம்மா இது, மொட்டையா கெடக்கு? அப்பா போட்டோ எங்க? குலதெய்வம் துணைன்னு மேல போட வேணாமா? சொந்தக்காரன் ஒருத்தன் பேரு இல்ல!"
கல்யாணப் பத்திரிகை என்று நினைப்பு.
"படம் ஏத்துனா தொறக்க நேரமாகுங்க மாமா."
"ஆவட்டுமே. வாங்குறவன் காத்திருக்க மாட்டானா?"
கூட வந்த இவரோ பிடித்து வைத்த பிள்ளையார்.

ஜூன் 7
சேர்த்தவை: மாலை போட்ட மாமனார் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, ஆடும் விளக்கு. பங்காளிகள். சம்பந்திகள். சுற்றும் உலக உருண்டை. நாதஸ்வரம் வேறு.
நாத்தனார் வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போச்சு. "எங்க வூட்டுக்காரருன்னா அவ்ளோ எளக்காரமா?" என்று போனில் ஒரே சண்டை. அதையும் போட்டேன். பருப்பு அடியில் எங்கோ கிடக்கிறது. எனக்கே தேட வேண்டியிருக்கு. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். யார் பார்த்தால் என்ன.

ஜூன் 12
ஹாலந்து மெயில். பக்கம் மாலை போட்ட படத்தோடு பாதியில் நின்றுவிட்டதாம். பெரியவர் மறைவுக்கு அனுதாபமாம். துக்க வீட்டைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டானாம். மாமனார் போய்ச் சேர்ந்து வருஷம் எத்தனை!
அண்ணன்காரரிடம் சொன்னேன். "நல்ல மனுஷன், பாரேன்" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 17
அரிசி ஊறப்போட மறந்தேன். இவர் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். எதற்கென்று கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஜூலை 2
விடியலில் இவர் பஸ் ஏறிவிட்டார். துபாயில் கம்பி கட்டும் வேலை. திரும்பிப் பார்க்காமல் போனார். வீடு வெறிச்சென்று இருக்கிறது.
சாயங்காலம் அண்ணன்காரர் வந்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. காபி கொடுத்தேன். குடித்து முடித்து மெதுவாகச் சொன்னார்: "நம்ம வெப்சைட்டுல தம்பி பேரப் போட்டு, 'வெளிநாட்டுக் கிளை, துபாய்'னு எழுதிரும்மா. மினுக்கு மினுக்குன்னு இருக்கட்டும்."
நாளை ஜெயங்கொண்டம் போக வேண்டும்.