எட்டாம் வகுப்பு ‘பி’க்கு மரியாதை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பயிற்சி வகுப்பு. மாணவர்களுக்கு அல்ல, ஆசிரியர்களான எங்களுக்கு. பயிற்சியாளர் என் பணி நியமன உத்தரவைவிட வயதில் இளையவர். சிரித்த முகம். எதற்காகச் சிரிக்கிறார் என்று மதியம் வரை தேடினேன், கிடைக்கவில்லை.

அவர் சொன்னதன் சாரம்: பிள்ளைகள் தப்புச் செய்யும்போது பிடிப்பதை விட்டுவிட்டு, நல்லது செய்யும்போது பிடியுங்கள். அப்போதே சொல்லுங்கள். மரியாதையாகப் பேசுங்கள்.

விளையாட்டு மாஸ்டர் கையைத் தூக்கினார். “நல்லது பண்ணும்போது அவங்க எங்க சார் இருப்பாங்க? நம்ம கண்ணுக்கே படறதில்லையே.”

முடிவில் வகுப்புக்கு ஒரு சுவரொட்டி. தலைமையாசிரியை என்னைத் தனியாக அழைத்து, “உங்க எட்டாம் வகுப்பு ‘பி’தான் மாதிரி வகுப்பு மிஸ்” என்றார். இந்தப் பெருமைக்குக் காரணம், புகார்கள் அதிகம் வருவது அங்கிருந்துதான். அவற்றில் பாதி சைரன் பற்றியவை.

சைரன் என்று பெயர் வைத்தது நான் அல்ல. பள்ளி முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது. ஜன்னலோர பெஞ்சில் உட்காரும் பெண். அவள் காதோடு ரகசியம் சொன்னால் ஆய்வகத்தில் கேட்கும். நான் அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்கு இவள் பதில் சொல்வாள். யோசனை வந்தால் எழுந்து நிற்பாள், யோசனை தீர்ந்தால் பெஞ்சைத் தட்டுவாள்.

“மாசக் கடைசியில கமிட்டி கூடுது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு மாறணும். இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடுவாங்க” என்றார் தலைமையாசிரியை.

நடு வருடத்தில் எந்தப் பள்ளி எடுக்கும்? எடுக்காது. வீட்டில் உட்கார்ந்திருப்பாள். எதிர்மறை எண்ணை எதிர்மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர்மறை வருகிறது என்று என் வகுப்பில் தானாகவே யோசித்துக் கண்டுபிடித்த ஒரே பிராணி அதுதான். கண்டுபிடித்ததை மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும்படி அறிவித்தது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுவரொட்டியை ஒட்டினேன். மரியாதையைத் தொடங்கினேன்.

ஒருவன் தாமதமாக வந்து வாசலில் நின்றான். “வாங்க, உட்காருங்க” என்றேன், பயிற்சியாளர் காட்டிய அளவுக்குப் புன்னகைத்து. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “மிஸ், அந்த லேப் கண்ணாடிய நான் வேணும்னு உடைக்கல மிஸ்” என்றான். எந்தக் கண்ணாடி? எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு மாதமாகப் பள்ளி தேடிக்கொண்டிருந்த குற்றவாளியாம். வரவேற்றதில் சிக்கிவிட்டான்.

பிறகு ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்து, “எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க!” என்றேன். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று பாராட்டியதில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பயிற்சி போதவில்லை என்று தோன்றியது. வீட்டில் முயன்றேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேர்த்தியா மடிக்கிறீங்க!”

கை அப்படியே நின்றது. மடித்து வைத்திருந்ததை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். எல்லாவற்றையும் உதறிப் போட்டு மறுபடி மடித்தார். படுக்கப் போகும்முன், “நேரடியா சொல்லியிருக்கலாம்” என்றார்.

என்னதான் தப்பாகச் சொன்னேன்?

ஆகஸ்ட் 11, திங்கள்

தெரிந்துவிட்டது. சொன்னது சைரன்.

இன்று அவள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்லது செய்யும்போது பிடிக்க வேண்டுமே. பிடித்தேன். “ஆஹா, இன்னைக்கு எவ்வளவு அமைதியா இருக்கீங்க!”

துள்ளி எழுந்தாள். “மிஸ், நான் என்ன பண்ணேன்? திட்டறதுன்னா நேரா திட்டிடுங்க மிஸ், ப்ளீஸ்!”

மணி அடித்ததும் அவளை நிறுத்திக் கேட்டேன். நான் உன்னைப் பாராட்டத்தானே செய்தேன்? அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை இதுவரை நான்தான் மாணவர்கள்மேல் வீசியிருக்கிறேன்.

“மிஸ், நீங்க ‘நீ’ன்னு சொன்னா நார்மல். ‘நீங்க’ன்னா காலி. ‘வாங்க’ன்னா வீட்டுக்கு போன் வரும். ‘ரொம்ப சந்தோஷம்’னா வெளிய போய் நிக்கணும். ‘அழகு’ன்னா திரும்ப எழுதணும். ஆறாம் வகுப்புப் பசங்களுக்கே தெரியும் மிஸ். நாங்க சொல்லிக் குடுத்துடுவோம்.”

“அப்போ ‘அருமை’?”

சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள், ஆசிரியர் அறைவரை கேட்டிருக்கும். “அத நீங்க ஒரே ஒருத்தனுக்குத்தான் சொன்னீங்க மிஸ். அவன் இப்ப இந்த ஸ்கூல்லயே இல்ல.”

மரியாதைக்கென்றே நம் மொழியில் தனியாக ஒரு பன்மை இருக்கிறது. அதை நான் தண்டனைப் பிரிவாக நடத்திவந்திருக்கிறேன் போலிருக்கிறது. திறமையாகத்தான் நடத்தியிருக்கிறேன். அதுதான் சிக்கல்.

ஆகஸ்ட் 13, புதன்

புதிய கொள்கை. வர்ணனை கிடையாது, வியப்பு கிடையாது, பன்மை கிடையாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது.

கண்ணாடி உடைத்தவனிடம்: “நாற்காலிய தரையில இழுக்காம தூக்கி வெச்ச. பார்த்தேன்.”

அடுத்த அடிக்குக் காத்திருந்தான். வரவில்லை. சந்தேகத்தோடு உட்கார்ந்தான். பிறகு நாள் முழுவதும் எட்டாம் வகுப்பு ‘பி’ அவசியமில்லாமல் நாற்காலிகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வீடு மாற்றுகிறவர்களைப் போல.

சைரனும் கை தூக்கினாள். கை மேலே போவதற்குள் பதில் வெளியே போய்விட்டது. “கை தூக்கின, பார்த்தேன். அடுத்த தடவ கை முன்னாடி வரட்டும், பதில் பின்னாடி வரட்டும்.”

“சரி மிஸ்!” என்றாள். சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கெட்டது குடி.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி நின்றுபோனது. அவருக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். பள்ளி முழுவதும் மரியாதையாக அவர் வாயசைவைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது பின்வரிசையிலிருந்து, எந்த ஒலிபெருக்கியும் தேவைப்படாத ஒரு குரல்: “மேடம், மைக் செத்துடுச்சு!”

நானூறு பேர் சிரித்தார்கள். விளையாட்டு மாஸ்டர் ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“இதான் உங்க மாதிரி வகுப்பா?” என்று கேட்டார் தலைமையாசிரியை. அவள் சொன்னதில் பிழை இல்லை என்பதை எப்படிச் சொல்வது? மைக் செத்துத்தான் இருந்தது. கமிட்டி முன்னால் இதை வைக்கப்போகிறாராம். இருபத்தெட்டாம் தேதி.

ஆகஸ்ட் 21, வியாழன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் சைரன் என் மேஜை அருகே வந்து நின்றாள்.

“மிஸ், இன்னைக்கு ஒருத்தன் ஏழெட்டு அறுபத்தி நாலுன்னு சொன்னப்ப நீங்க ஒண்ணும் சொல்லல. மூச்ச இழுத்து விட்டுட்டு, ‘திரும்பப் பாரு’ன்னீங்க. பார்த்தேன்.”

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். “நல்லதைக் கண்டால் அப்போதே சொல்லுங்கள்.” யார் யாருக்குச் சொல்வது என்று அதில் போடவில்லை. இரண்டு வாரமாக அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வகுப்பு வாய்த்திருக்கிறது.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவ சொன்னது உனக்கு நல்லா இருந்துச்சா?” என்றார்.

“சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்புறம் ஏன் இதோட மூணாவது தடவ சொல்ற?”

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று யாரும் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது. (முழுப் பாடவேளையும் ஒருவரைக்கூடக் குத்திப் பேசவில்லை. இதுகூடவா கண்ணில் படாது?)

ஆகஸ்ட் 28, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கமிட்டி. தலைவர், இரும்புக்கடை வைத்திருப்பவர். பக்கத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், தலைமையாசிரியை, நான். முதலில் மைக் விவகாரம் வாசிக்கப்பட்டது. பிறகு தலைவர் என்னைப் பார்த்தார். “வகுப்பாசிரியர் நீங்க சொல்லுங்க மிஸ். பொண்ணு எப்படி?”

ராத்திரி முழுக்கத் தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது இது மட்டும்: “அருமையான பொண்ணு சார்.”

தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “மிஸ் வாயால ‘அருமை’ன்னு வந்தாச்சு! இதுக்கு மேல என்ன விசாரணை? என் பையன் உங்ககிட்டதான் படிச்சான் மிஸ். இன்னைக்கும் எங்க வீட்ல சண்டைன்னா உங்க டயலாக்தான்.”

“இல்ல சார், நிஜமாவே சொல்றேன்.”

இன்னும் சிரித்தார்கள்.

“சத்தியமா நல்ல பொண்ணு சார். ரொம்ப மரியாதையான பொண்ணு!”

ஓய்வுபெற்ற அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முகத்த அசைக்காம சொல்றாங்க பாருங்க, அதான் விசேஷம்.” தலைமையாசிரியை பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

ஐயோ, என்ன பண்றேன் நான்? காப்பாத்த வந்துட்டு நானே பிடிச்சுத் தள்றேனே? வாயைத் திறக்கத் திறக்க அவ வெளிய போய்க்கிட்டிருக்கா. இத்தனை வருஷம் இந்த வாயை வச்சுப் பிழைச்சாச்சு, இன்னைக்கு ஒரு உண்மையைச் சொல்ல அதுக்கு வழி தெரியல.

எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. யோசனை வந்தால் நிற்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

“சார், பார்த்ததை மட்டும் சொல்றேன். இன்னைக்குக் காலைல நடந்தது. வகுப்புல வாயே திறக்காத ஒரு பொண்ணு இருக்கா. ஜூன்லேர்ந்து அவ குரல் எனக்குத் தெரியாது. அவகிட்ட ஒரு கணக்கு கேட்டேன். அவ எழுந்து நின்னு ரொம்ப நேரம் யோசிச்சா. பக்கத்துல இந்தப் பொண்ணுக்கு விடை தெரியும். முகத்துலயே எழுதியிருந்துச்சு. சொல்லல. தன் வாயத் தன் ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா. கன்னம் உப்பி, கண்ணு பிதுங்கி, இப்ப வெடிச்சிடுவாளோன்னு எனக்கே பயம். மத்தவ விடையச் சொல்ற வரைக்கும் கைய எடுக்கல.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்புறம்?” என்றார் தலைவர்.

“அவ்வளவுதான் சார்.”

“இதுல கிண்டல் எதுவும் இல்லையே?”

“ஒரு சொட்டு இல்ல.”

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார், கலப்படக் கம்பியைப் பார்ப்பது போல. பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பினார். “மேடம், அந்த மைக் நிஜமாவே செத்துதான் போச்சா?”

“...போச்சு.”

“அப்ப அவ சொல்லலன்னா?”

தலைமையாசிரியை பேனாவை மூடினார். அவருக்கும் நியாயம் தெரியும். நானூறு பேர் முன்னால் தெரிய வேண்டியிருந்ததுதான் கஷ்டம்.

தீர்மானம்: பெண் இங்கேயே படிக்கலாம். பொறுப்பு வகுப்பாசிரியருடையது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

“நீ இங்கதான் படிக்கிற” என்று சைரனிடம் சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கையோடு ஒரு புகார் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6, சனி

பயிற்சியாளர் பார்வையிட வந்திருந்தார். முழுப் பாடவேளையும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “மேடம், நீங்க ஒரு தடவகூட பாராட்டவே இல்லையே” என்றார் கவலையோடு. எட்டாம் வகுப்பு ‘பி’ அவரைப் பார்த்த பார்வை! பாவம், வெளியூர்க்காரர், இங்கே பேசும் பாஷை புரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

பெற்றோர் சந்திப்பு. சைரனின் அம்மா வந்திருந்தார். பேருந்து நடத்துநர், வேலையிலிருந்து சீருடையோடு நேராக வந்திருக்கிறார். நிற்க இடமில்லாத வண்டியிலும் ஆட்களைக் குரலாலேயே உள்ளே தள்ளுகிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் குனிந்துதான் கேட்க முடியும் என்கிற குரலில் பேசினார்.

“எத்தன நாள் வீட்ல வெச்சுக்கணும்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நான் டூட்டி மாத்திக்குவேன் மிஸ்.”

“அதெல்லாம் இல்லைங்க. வகுப்புக்கு ‘ஏ’ பிரிவுலேர்ந்து ஒரு பொண்ணு மாறி வந்திருக்கா. எங்க உட்காரறதுன்னு தெரியாம நின்னா. யாரும் சொல்லல, உங்க பொண்ணு நகர்ந்து இடம் விட்டா. பைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.”

அவர் தலையாட்டினார். காத்திருந்தார். கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“அப்புறம் மிஸ்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லைங்க. இதச் சொல்லத்தான் வரச் சொன்னேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி என் முன்னால் வைத்தார். “அவங்க அப்பா லைன்ல இருக்காரு மிஸ். நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்களே இன்னொரு தடவ சொல்லுங்க.”

ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். அந்தப் பக்கம் இருமுவதுபோல ஏதோ கேட்டது.

அடுத்த பெற்றோர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.