ஜெரின் ஆசைப்பட்ட பிராசசர்

வின்சி,

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போறேன். சர்ச்சிலிருந்து வந்ததும் சாப்பிடு, ரசம் அடுப்பு மேல இருக்கு.

மத்தியானம் கம்ப்யூட்டர்க் கடைக்காரர் ரெண்டு பிராசசரும் கொண்டு வருவார். ஒன்னு நம்ம வீடியோ வேலையைச் சட்டுனு முடிக்கும். மற்றது ஜெரின் ஆசைப்பட்டது. கேமுக்குத் தோது, வீடியோவுக்கு இழுக்கும்.

"பிள்ளையையே மண்ணுல வச்சாச்சு, இனி கேமு யாரு விளையாட?"ன்னு நேத்து கத்துன. காலையில அவன் கேமைத் திறந்து பார்த்தேன். நேத்து மத்தியானமும் யாரோ விளையாடியிருக்காங்க. வீட்டுல நீ மட்டும்தானே இருந்த.

அவன் ஆசைப்பட்டதையே வாங்கி வை. கல்யாண வீடியோ மெதுவா வரட்டும்.

கிளாட்வின்

பி.கு.: அவன் சேர் பக்கத்துல இன்னொன்னு போட்டு வை. சாயங்காலம் வாரேன், எனக்கும் சொல்லிக்கொடு.