கையில் லாரி, மேஜையில் சாக்கு

செவ்வாய், இரவு.

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் ஒரு வேலை எவ்வளவு பெரிது என்பதை நாள் கணக்கில் அளப்பதில்லை. பொட்டலம், சாக்கு, லாரி என்று எழுதிய சீட்டுகளில் ஒன்றை எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். முன்பு செய்த பில் பக்கம்தான் ஒரு சாக்கு. எதையும் அதோடுதான் ஒப்பிடுவோம்.

இன்று அளக்க வந்தது மிளகுக் குடோன்களில் எடை பதியும் ஆப். நான் லாரியை எடுத்திருந்தேன். டீம் லீடர் அனூப் சேட்டன் சாக்கை எடுப்பது கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டேன். புதிதாக வந்த ரம்யா மட்டும் லாரி காட்டினாள்.

"எதுக்கு லாரி?" என்றார் சேட்டன்.

"குடோன் சுவர் நல்ல கனம் சேட்டா, உள்ள நெட் கிட்டாது. நெட் இல்லாமலும் எடை பதியணுமில்ல?"

"வேற யாருக்காவது அப்படித் தோணுதா?"

நான் லாரிச் சீட்டை மற்றச் சீட்டுகளின் அடியில் செருகினேன். சாக்கு என்று முடிவாயிற்று.

ஆபீஸ் படி இறங்கும்போது ரம்யா, "எனக்கு இன்னும் அளவு பிடிபடல அண்ணா," என்றாள். "போகப் போகப் பழகிடும்," என்றேன்.

நான் குடியிருப்பதே மட்டாஞ்சேரியில் பழைய குடோனைத் தடுத்துக் கட்டிய வீட்டில்தான். ரம்யா சொன்னதுதான் சரி என்று சேட்டனுக்கு மெசேஜ் போட்டு அரை மணியாகிறது. இன்னும் போகவில்லை. இந்த டைரியை மூடிவிட்டுத் தெருமுனை வரை நடக்க வேண்டும்.